அரிசோனாவில் வீடு வாங்கிப் போடலாமா? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை. இங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்து மாநிலமான அரிசோனாவில், ஃபீனிக்ஸைச் சுற்றி ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா? இல்லை, ஒதுக்குப்புறத்தில் மலிவாகக் கிடைக்கும் நிலத்தை வாங்கிப் போடலாமா? பாலைவனம், தண்ணீர் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, எவ்வளவு உண்மை?

பதில்: நிலம் வேண்டாம். வீடு வாங்கலாம், ஆனால் எந்த ஊர் எல்லைக்குள், யார் குழாயில் தண்ணீர் வருகிறது என்று பார்த்துத்தான். அதுவும் 7 சதவீத வட்டியில் வாடகை கைக்கு மிஞ்சாது, மாதாமாதம் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். "அரிசோனாவில் தண்ணீர் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சாலையின் ஒரு பக்கம் நூறு வருடத்துக்கு உறுதி செய்யப்பட்ட தண்ணீர், எதிர்ப்பக்கம் லாரித் தண்ணீர் என்று இருக்கிற மாநிலம் அது. இந்தக் கோட்டைப் போட்டது 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம். அதன்படி ஃபீனிக்ஸ், பினால், பிரெஸ்காட், டூசான் என நான்கு வட்டாரங்களை முதலில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு சில சேர்ந்தன. ஏஜென்ட்கள் இவற்றை ஏ.எம்.ஏ. (ஆக்டிவ் மேனேஜ்மென்ட் ஏரியா) என்பார்கள். இந்த வட்டாரத்துக்குள் ஒரு நிலத்தை ஆறு மனை அல்லது அதற்கு மேல் பிரித்து விற்பவர், 100 ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று மாநில நீர்வளத் துறையிடம் நிரூபித்தாக வேண்டும்.

நிரூபிக்க இரண்டு வழி. ஒன்று, அந்த நகரமே மொத்தமாக "எங்களிடம் நூறு வருடத் தண்ணீர் உண்டு" என்று தகுதி வாங்கியிருப்பது. ஃபீனிக்ஸ், டெம்பி, மேசா, சாண்ட்லர், கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல், கிளென்டேல், பியோரியா போன்றவை இந்த வகை. அந்த நகரக் குழாயோடு இணைந்த மனைக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. இரண்டாவது, ஊருக்கு அந்தத் தகுதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் பில்டர் தனியாகச் சான்றிதழ் வாங்குவது. இந்த இரண்டாம் வகையில் பெரும்பாலும் நிலத்தடி நீரைக் காட்டித்தான் வாங்கினார்கள்.

அதில்தான் 2023 ஜூனில் கதவு மூடியது. ஃபீனிக்ஸ் வட்டார நிலத்தடி நீரை மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்த்த நீர்வளத் துறை, நூறு ஆண்டுகளில் சுமார் 48.6 லட்சம் ஏக்கர்-அடி பற்றாக்குறை வரும் என்று சொல்லி, நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதுச் சான்றிதழ்களை நிறுத்தியது. (ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். மூன்று குடும்பங்களுக்கு ஓராண்டுக்குப் போதும் என்பது அங்கே போடும் தோராயக் கணக்கு.) பற்றாக்குறை மொத்தத் தேவையில் 4 சதவீதம்தான். ஆனாலும் பக்கை, குவீன் கிரீக் மாதிரி மேற்கிலும் தென்கிழக்கிலும் வேகமாக விரிந்துகொண்டிருந்த ஓரப் பகுதிகளுக்கு அது பெரிய அடி. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிய மனைகளுக்குப் பாதிப்பு இல்லை. பாசனத்தை விட்டுக்கொடுக்கும் விவசாய நிலத்தில் வீடு கட்ட வழிசெய்யும் சட்டம் ஒன்று 2025-ல் வந்தது.

இதிலிருந்து முதலீட்டாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது: தகுதி பெற்ற நகரத்துக்குள் இருக்கும் பழைய வீட்டின் குழாய் நாளைக்கே வற்றப் போவதில்லை. மாநிலத் தண்ணீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. தட்டுப்பாடு வந்தால் முதலில் வயலில்தான் கை வைப்பார்கள். 2021 ஆகஸ்டில் கொலராடோ நதிக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்து, 2022-ல் அரிசோனாவின் பங்கில் 5.12 லட்சம் ஏக்கர்-அடியை வெட்டியபோது, அடி விழுந்தது பெரும்பாலும் பினால் மாவட்ட விவசாயிகள் மேல்தான்.

ஆனால் இதற்குள்ளும் ஒரு உட்பிரிவு உண்டு. வீடு வாங்குகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஃபீனிக்ஸ் பகுதிக்கு இரண்டு பெரிய ஆற்று நீர். ஒன்று கொலராடோ நதியிலிருந்து 336 மைல் கால்வாயில் மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர். இதில் அரிசோனாவின் கால்வாய்க்கு முன்னுரிமை குறைவு. கால்வாய் கட்ட அனுமதி கொடுத்த 1968 சட்டத்திலேயே, தட்டுப்பாட்டில் கலிஃபோர்னியாவுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். பற்றாக்குறையைப் பங்கிடும் 2007-ம் ஆண்டு விதிகளும் 2026 முடிவோடு காலாவதி. இன்னொன்று, உள்ளூரின் சால்ட், வெர்டி நதிகளின் அணைகளிலிருந்து வரும் தண்ணீர். இதை எஸ்.ஆர்.பி. (சால்ட் ரிவர் பிராஜெக்ட்) என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் சட்டப்படி பழைய பாசன எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு மட்டுமே. டெம்பி, மேசாவின் மேற்குப் பகுதி, ஃபீனிக்ஸின் மையம் இதற்குள் வரும். "அரிசோனா கனால்" என்ற பழைய பாசனக் கால்வாய்க்கு (மேலே சொன்ன 336 மைல் கால்வாய் வேறு) வடக்கே இருக்கும் வட ஃபீனிக்ஸும் வட ஸ்காட்ஸ்டேலும் வராது. இரண்டு வீடும் ஒரே விலை என்றால் பாசன எல்லைக்குள் இருப்பதை எடுங்கள். எஸ்.ஆர்.பி. தளத்தில் முகவரி கொடுத்தால் எல்லைக்குள்ளா, வெளியேயா என்று தெரிந்துவிடும்.

ஓரப் பகுதி வீடுகளில் இன்னொரு சில்லறை விஷயம்: சொத்து வரி ரசீதில் சி.ஏ.ஜி.ஆர்.டி. என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த மனைப்பிரிவு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, அதற்கு ஈடாக வேறெங்கோ நீரை நிலத்துக்குள் செலுத்தும் செலவை வீட்டுக்காரரிடம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அந்த மாற்று நீர் விலை ஏறினால் உங்கள் வரி ரசீதும் ஏறும். ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

இனி நிலம். "ஏக்கர் சில ஆயிரம் டாலர், முன்பணம் குறைவு, வங்கிச் சோதனை இல்லை" என்று இணையத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் மொஹாவி, அப்பாச்சி, நவஹோ, கோச்சீஸ் மாவட்டங்களில் இருக்கும். பெரும்பகுதி ஏ.எம்.ஏ.வுக்கு வெளியே. அங்கே பல இடங்களில் "தண்ணீர் போதாது" என்று அரசே சொன்ன மனையையும், அதை வாங்குபவரிடம் தெரிவித்துவிட்டு விற்கலாம். தெரிவிக்க வேண்டியது முதல் வாங்குபவரிடம் மட்டும். அவரிடமிருந்து நீங்கள் வாங்கினால் அந்த எச்சரிக்கை உங்களுக்கு வந்து சேராமலே போகலாம்.

ஏ.எம்.ஏ.வுக்கு உள்ளேயும் ஓட்டை உண்டு. ஆறு மனை என்றால்தானே நூறு வருடச் சான்று? ஐந்தாகப் பிரித்தால் வேண்டியதில்லை. ஒருவர் ஐந்தாகப் பிரிக்கிறார், வாங்கியவர் தன்னுடையதை மறுபடி பிரிக்கிறார். சில வருடத்தில் சாலையும் குழாயும் இல்லாத ஒரு ஊரே உருவாகிவிடுகிறது. ரியோ வெர்டி ஃபூட்ஹில்ஸ் அப்படி வந்த இடம். ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய, எந்த நகராட்சியிலும் சேராத பகுதி. அங்கே கிணறு இல்லாத சில நூறு வீடுகள் ஸ்காட்ஸ்டேலின் நீர் நிரப்பும் நிலையத்திலிருந்து லாரியில் வாங்கி நிலத்தடித் தொட்டியில் ஊற்றி வாழ்ந்தன. 2023 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று ஸ்காட்ஸ்டேல் நிறுத்திவிட்டது. லாரிக்காரர்கள் தூரத்து ஊர்களுக்கு அலைந்தார்கள், தண்ணீர் விலை பல மடங்கு ஏறியது, மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத்தான் மாற்று வழி பிறந்தது. அவை குடிசைகள் இல்லை; நல்ல விலைக்குப் போன பெரிய வீடுகள்.

பிடிவாதமாக நிலம்தான் வேண்டும் என்றால் இவற்றைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். நகராட்சிக்கு வெளியே ஐந்து அல்லது அதற்குக் குறைவான மனை விற்பவர், பத்திரத்துக்கு ஏழு நாள் முன்பே ஒரு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தண்ணீர் எங்கிருந்து, சட்டப்படி வழி உண்டா, சாலையை யார் பராமரிப்பது எல்லாம் அதில் இருக்கும். அந்த உறுதிமொழிப் பத்திரம் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் நீங்கள் பின்வாங்கலாம். பாதை மாநில அறக்கட்டளை நிலத்தைத் தாண்டி வந்தால், வண்டி போகிறது என்பதால் உரிமை உண்டு என்று நினைக்காதீர்கள். கிணறு இருந்தால் அதற்கு 55 என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். நீர்வளத் துறைத் தளத்தில் ஆழமும் தோண்டியபோது இருந்த நீர்மட்டமும் கிடைக்கும். பக்கத்துக் கிணறுகளையும் பார்த்தால்தான் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று புரியும். வில்காக்ஸ் பக்கம் பெரிய பண்ணைகள் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சியதில் வீட்டுக் கிணறுகள் வற்றிய கதை அந்த மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் ஆர்சனிக் சோதனையும் செய்யுங்கள். குடிநீரில் அனுமதி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், தனியார் கிணற்றை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள்.

நிலத்தடி நீர் இறங்கிய இடத்தில் நிலமும் இறங்கும். பினால் மாவட்டத்தில் ஈலாய், பிகாச்சோ பக்கமும், குவீன் கிரீக், சான் டான் வேலியிலும் தரை பிளந்த வெடிப்புகள் உண்டு. மேலே மயிரிழை மாதிரி தெரியும். ஒரு நல்ல மழை பெய்தால் அந்தக் கோட்டில் மண் உள்வாங்கி ஆள் விழும் பள்ளமாகிவிடும். மாநில நிலவியல் துறை இவற்றை வரைபடமாகப் போட்டு இலவசமாக வைத்திருக்கிறது. வீடானாலும் நிலமானாலும் முகவரியை அதில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து வெயில். 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது. 2024-ல் 113 நாள் விடாமல் 100-ஐத் தாண்டியது. வீட்டு முதலாளிக்கு இது பராமரிப்புச் செலவாக வந்து நிற்கும். ஃபீனிக்ஸ் நகர விதிப்படி வாடகை வீட்டில் ஏ.சி. 82 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். கூலர் என்றால் 86. ஜூலையில் ஏ.சி. நின்றால் அது உடல்நலம் சார்ந்த குறையாகக் கணக்கு, ஆற அமர ஆள் தேட அவகாசம் கிடையாது.

அதனால் வீடு பார்க்கும்போது சமையலறை கிரானைட்டை விட்டுவிட்டு ஏ.சி.யைப் பாருங்கள். வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் தயாரிப்பு வருடம் இருக்கும். மற்ற ஊர்களில் 15, 20 வருடம் ஓடும் இயந்திரம் இங்கே 10 முதல் 15. ஸ்டிக்கரில் ஆர்-22 என்று இருந்தால் அதன் உற்பத்தி 2020-லேயே நின்றுவிட்டது; வாயு கசிந்தால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. ஆர்-410ஏ என்றாலும் 2025-லிருந்து அந்த வகைப் புது யூனிட் தயாரிப்பு கிடையாது. பழுது பார்க்கலாம், ஆனால் உள் யூனிட், வெளி யூனிட் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது கடினமாகிக்கொண்டே போகும். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் 15 முதல் 20 ஃபாரன்ஹீட் டிகிரி வித்தியாசம் வர வேண்டும். கோடையில் அதிகம் சாவது கெப்பாசிட்டர். தகர டப்பாவின் மண்டை உப்பியிருந்தால் அது போகும் காலம். சாமான் மலிவு, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையில் வரும் மெக்கானிக்தான் விலை. பழைய வீடுகளில் யூனிட் கூரை மேல் இருக்கும். மாற்ற கிரேன் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

கூரையில் ஒரு ஏமாற்று உண்டு. சிமென்ட் ஓடு போட்ட வீடு கீழிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். ஓடு ஐம்பது வருடம் நிற்கும். மழையைத் தடுப்பது ஓடல்ல, அதன் கீழே விரித்திருக்கும் தார்த்தாள். அந்தத் தாள் வெயிலில் வெந்து 20, 25 வருடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். 2000-க்குப் பக்கத்தில் கட்டிய வீடு, தாள் மாற்றிய ரசீது இல்லை என்றால், ஓடுகளை எல்லாம் கழற்றி அடுக்கி, தாள் மாற்றி, மறுபடி பரப்பும் செலவு உங்கள் தலையில். இது பத்தாயிரங்களில் போகும் வேலை. தட்டைக் கூரையில் நுரைப் பூச்சு என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு.

கராஜ் தரையில் "வெட்டாதே, துளையிடாதே" என்று முத்திரை பதித்திருந்தால், தளத்துக்குள் இழுத்துக் கட்டிய இரும்பு வடங்கள் ஓடுகின்றன. விரியும் களிமண்ணைத் தாங்க அப்படிச் செய்வார்கள். தவறில்லை, ஆனால் குழாய் மாற்ற இஷ்டத்துக்குத் தரையை உடைக்க முடியாது. 1978 முதல் 1995 வரை கட்டிய வீட்டில் சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கிறதா பாருங்கள், திடீரென்று வெடிக்கும். நீச்சல் குளத்திலிருந்து வருடத்துக்கு ஆறு அடி நீர் ஆவியாகும். வாடகைக்கு விடும் வீட்டில் குளம் இல்லாமலிருப்பதே நிம்மதி.

நம்மவர்களுக்கென்று ஒரு குறிப்பு. கிழக்கு பார்த்த வாசல்தான் வேண்டும் என்று கேட்டால், அதே வீட்டின் பின்பக்கம் மேற்கு. அங்கே வீடுகளின் பெரிய கண்ணாடிக் கதவும் ஹாலும் பின்பக்கம்தான் இருக்கும். மாலை வெயில் நேரே உள்ளே விழும், மின்கட்டணம் பார்த்து வாடகைக்காரர் புலம்புவார். உள்ளூர்க்காரர்கள் வடக்கு-தெற்கு பார்த்த வீட்டுக்குத்தான் மதிப்பு கொடுப்பார்கள். நீங்கள் குடியிருக்கப் போவதில்லை என்றால் வாஸ்துவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கணக்குக்கு வருவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு; உங்கள் வீட்டின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு 4,20,000 டாலர், 25 சதவீதம் கையிலிருந்து, மீதி 3,15,000-க்கு 30 வருடக் கடன், வட்டி 7 சதவீதம். மாதத் தவணை 2,096. வாடகை 2,100 என்று வையுங்கள். பார்த்தவுடன் தவணையும் வாடகையும் சரியாகப் போச்சு என்று தோன்றும். சொத்து வரி 167, காப்பீடு 150, எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு 80, பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்கு 8 சதவீதம் 168, காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு 105. ஏ.சி.க்கு 10,000 டாலர் 12 வருடத்தில் என்றால் மாதம் 70, கூரைத் தாளுக்கு 18,000 டாலர் 25 வருடத்தில் என்றால் 60, மற்றவற்றுக்கு 100. கூட்டினால் 900. ஆக வாடகையில் நிற்பது 1,200, தவணை போக மாதம் 896 டாலர் நீங்கள் போட வேண்டும். கடனே இல்லாமல் வாங்கினாலும் வருமானம் 3.4 சதவீதம்.

அப்படியென்றால் இந்த முதலீட்டின் லாபம் முழுக்க விலை ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஃபீனிக்ஸ் விலை ஏறினால் ராக்கெட், இறங்கினால் கல். 2006 நடுவில் உச்சம் தொட்டு, 2011-க்குள் கேஸ்-ஷில்லர் என்ற வீட்டு விலைக் குறியீட்டில் பாதிக்கு மேல் போயிற்று. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட 14 வருடத்துக்கு மேல் ஆனது. காரணம் எளிது: சுற்றிலும் காலி நிலம், பில்டர்கள் கட்டிக்கொண்டே போவார்கள், தேவை சறுக்கினால் ஓரத்தில் கட்டியது முதலில் விழும். அந்தத் தடவை பினால் பக்கத்து ஊர்கள் மிக மோசமாக அடிபட்டன. 2023-ன் தண்ணீர்த் தடை ஓரத்தில் கட்டுவதைக் குறைத்தால், தகுதி பெற்ற நகரத்துக்குள் இருக்கும் பழைய வீட்டுக்கு அது சாதகம்தான். சாண்ட்லரில் இன்டெல், வட ஃபீனிக்ஸில் டி.எஸ்.எம்.சி. என்று வேலையும் இருக்கிறது. ஆனால் சிப் தொழிலும் ஏறி இறங்குவதுதான். உங்கள் சம்பளமும் அதே துறையிலிருந்து வருகிறது என்றால் இரண்டும் ஒன்றாக விழும்.

வெளிமாநிலத்திலிருந்து வாங்குபவர்கள் தவறவிடுவது: வாடகை வீட்டை மாவட்ட மதிப்பீட்டாளரிடம் பதிவு செய்ய வேண்டும், அரிசோனாவில் வசிக்கும் ஒருவரைச் சட்டப்படிப் பிரதிநிதியாகக் காட்ட வேண்டும், செய்யாவிட்டால் 1,000 டாலர் அபராதம், அதன்பின் மாதாமாதம் 100. மாத வாடகைக்கு நகரங்கள் வாங்கிய வரி 2025 ஜனவரியிலிருந்து இல்லை, எனவே அதைச் சேர்த்துப் போட்ட பழைய கணக்கை நம்பாதீர்கள். அட்வான்ஸ் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சில நாள் வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் எச்.ஓ.ஏ. விதிகளை முதலில் படியுங்கள். நகரம் தடுக்காவிட்டாலும் அவர்கள் தடுக்கலாம்.

ஒப்பந்தம் ஏற்கப்பட்டதும் வழக்கமாகச் சோதனைக்குப் பத்து நாள். விற்பவர் முதல் மூன்று நாளில் தரும் குறை அறிவிப்பை அங்கே "ஸ்பட்ஸ்" என்பார்கள், எஸ்.பி.டி.எஸ். என்ற எழுத்துச் சுருக்கத்தை அப்படியே உச்சரித்து. அதில் தண்ணீர், தரை வெடிப்பு, கரையான், வெள்ளம் பற்றிய பகுதிகளை முதலில் படியுங்கள். முதல் இரண்டு நாளிலேயே வீட்டுச் சோதகர், கூரைக்காரர், ஏ.சி.க்காரர் மூவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பொதுச் சோதகர் கூரை ஓடுகளைத் தூக்கித் தாளைப் பார்க்க மாட்டார். இடைநாட்களில் கடைசித் தண்ணீர் ரசீது, சொத்து வரி ரசீது, காப்பீட்டுக் கோரிக்கை வரலாறு. ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்தில் வெள்ள அபாயம் அதிகமான ஏ அல்லது ஏ.ஈ. மண்டலம் என்றால் காப்பீட்டு விலையை உடனே கேளுங்கள். பின்னால் ஓடும் வறண்ட மணல் ஓடை ஜூலை மழையில் அரை மணி நேரத்தில் ஆறாகும். கடன் கொடுப்பவர் கேட்காமல் நீங்களாக எடுக்கும் வெள்ளக் காப்பீடு அமலுக்கு வர வழக்கமாக 30 நாள் ஆகும். எல்லாக் குறையையும் ஒரே தாளில், ஒரே தடவை எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் தாண்டிக் கொடுத்தால் குறைகளோடு ஏற்றுக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், பிறகு பின்வாங்கினால் முன்பணம் போய்விடும்.